ஊதுபத்தியால் எரித்த வெயில்

“அன்னைக்குக் காலையில வெயில் இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மிஸ், நான் போயிடுறேன்.”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறோமே என்று செய்துகொண்ட ஏற்பாடு அது என்று பார்த்ததுமே தெரிந்தது. கையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது. அதை விரித்து என் பக்கம் தள்ளினார்.

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஜூன் மாதத்து ஒரு புதன்கிழமை, காலை எட்டரை மணிவரை வெயில் பதிவாகவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. கீழே எங்கள் அதிகாரியின் கையெழுத்து, மூலையில் என் பெயரின் முதலெழுத்துகள்.

வந்தவர் பெயர் மாணிக்கம். புக்கிட் மேராவில் வீடு. தொழிற்சாலைக்குப் போகும் பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. நான் பார்த்த அன்று அவரிடம் அந்த வேலையும் இல்லை, லைசன்ஸும் இல்லை. அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். போன வாரம் இந்தப் பத்தியில் மார்க்கெட் மீன்காரரைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியதுகூட இதை எழுதாமல் தப்பிப்பதற்குத்தான்.

கண்ணாடிப் பந்து

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இன்றைக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டுத் துணியெல்லாம் மல்லி வாசம் அடிக்கும். அந்த வாசத்தோடு பஸ் ஏறிப் போய், புல்தரையில் வெள்ளைப் பெட்டிக்குள் தலையை நுழைத்து வெப்பமானி பார்ப்பேன். அம்மா மாதா கோயிலில் எல்லோரிடமும், “எங்க ஸ்டெல்லா மழை ஆபீஸ்ல வேலை பாக்குது” என்று சொல்லி வைத்தாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், குடை கொண்டுவராதவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

நிலையத்தில் எனக்குப் பிடித்த கருவி மொட்டைமாடியில் இருந்த கண்ணாடிப் பந்து. ஒரு சின்னத் தேங்காய் அளவு இருக்கும். அதற்குப் பின்னால் வளைவான ஒரு தாங்கி, தாங்கியில் கருநீல அட்டை, அட்டையில் மணிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். வெயில் அடித்தால் பந்து அதைக் குவித்து அட்டையில் ஒரு புள்ளியாகச் சுட்டெரிக்கும். சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்ந்து ஒரு பழுப்புத் தடமாகும். மேகம் வந்தால் தடம் அறுபடும். சாயங்காலம் அட்டையை எடுத்து அளந்தால், அன்று எத்தனை மணி நேரம், எந்த மணிக்கு வெயில் அடித்தது என்று சொல்லிவிடலாம். பேனாவும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த நாளின் கதையைச் சூரியனே எழுதிக் கையில் கொடுத்தது எனக்கு முதல் மாதம் முழுக்க ஆச்சரியமாக இருந்தது.

அட்டைகள் வெளியூரிலிருந்து பெட்டியில் வரும். ஜூன் மாதத்துக்கு உரிய நீள அட்டையின் பெட்டிமேல் ‘சம்மர்’ என்று போட்டிருக்கும். நமக்கு ஏது சம்மர்? ஆனாலும் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் எங்கள் சகா வேலு அண்ணன், “வந்துருச்சு ஸ்டெல்லா, கோடை விடுமுறைக்கு எங்க போறோம்?” என்று கேட்பார். ஊதுபத்தி வாங்க பஃபலோ ரோடு போவதுதான் அவருக்குத் தெரிந்த அதிகபட்சப் பயணம்.

சூரியோதயம் கேட்டவர்கள்

பழைய நாட்களின் வெயிலும் மழையும் யாருக்கு வேண்டியிருக்கும் என்று சேரும்போது நினைத்தேன். வேண்டியவர்கள் வரிசையாக வந்தார்கள். பந்தல் நனைந்து துணி சாயம் போனதற்குச் சண்டை போட்டவர், கட்டட வேலை தாமதமானதற்கு மழைதான் காரணம் என்று காட்ட வேண்டியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சிராங்கூன் ரோட்டில் மாடியறையில் இருந்த ஒரு ஜோதிடர் மாதம் ஒரு முறையாவது போன் செய்வார். அவருக்கு வேண்டியது சூரிய உதய நேரம். இந்த ஊரில் ஜாதகம் கணிப்பது லேசான காரியம் இல்லை. கடிகாரத்தை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் தோக்கியோ நேரம்தான் இங்கேயும் நேரம். அந்த மூன்றரை வருஷத்தில் பிறந்தவர் எவராவது தன் கல்யாணப் பொருத்தத்துக்கு ஜாதகம் கணிக்கப் போனால் ஜோதிடருக்குத் தலைவலி.

“தங்கச்சி, இந்தாளு காலைல ஏழு மணிக்குப் பொறந்தேங்குறாரு. அப்ப சூரியன் வந்துச்சா வரலையா?”

“வந்திருக்காதுங்க ஐயா. அந்தக் கணக்குல ஏழு மணிக்கு நல்ல இருட்டு.”

“அடப் போம்மா, லக்கினமே மாறுதே!”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புத்தாண்டன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதுவரை ஆறரை வாக்கில் உதித்த சூரியன் அதன் பிறகு ஏழு மணிக்கு உதிக்கத் தொடங்கியது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. எங்கள் பந்து மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குத் தெரிந்தது உச்சிப்பொழுது ஒன்றுதான். நான் இங்கே சொல்வது அதற்கு முந்தைய கடிகாரம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காலை ஏழேகால் என்றால் அன்றைக்குச் சூரியன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நேர் எதிரே வந்தால் கண்ணைக் கூசவைக்கும் உயரம் அது.

ரவிக்கை அளவு

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் செய்ய வேண்டியவை ஒரு பதிவேட்டில் கட்டம் கட்டமாக இருக்கும். வெப்பம் பார்த்தாயிற்றா, மழை அளந்தாயிற்றா, வெயில் அட்டை மாற்றியாயிற்றா என்று. ஒவ்வொன்றையும் செய்து முடித்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். பேனா பதிவேட்டோடு நூலால் கட்டிக் கிடக்கும். அதற்காக எத்தனை தடவை மாடிக்கும் கீழுக்கும் நடப்பது? ஷிஃப்ட் தொடங்கும்போதே எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். சேர்ந்த இரண்டாம் நாளே வேலு அண்ணன் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். அக்காவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் ரவிக்கையைத் தையல்காரர் இரண்டு தடவை கெடுத்து வைத்திருந்தார். கேம்பல் லேனில் அவர் கடை ஏழு மணிக்கு மூடிவிடும். சூரியன் மறைந்த பிறகுதான் அட்டையை மாற்றலாம், அதற்கு ஆறே முக்கால் ஆகும். நான் ஆறு மணிக்கே பையை எடுத்துக்கொண்டேன். அட்டையைக் கவனிக்கும்படி வேலு அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். அவர் போனில் இருந்தார். கட்டத்தில் என் கையெழுத்து இருப்பதைப் பார்த்து நான் மாற்றிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். தாங்கியில் இருந்தது செவ்வாய்க்கிழமை அட்டை. இரண்டு நாள் வெயில் ஒரே அட்டையில் எரிந்திருந்தது. ஜூன் மாதத்தில் சூரியனின் பாதை ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் அதிகம் விலகாது. ஒரு தடத்தின் மேலேயே இன்னொன்று விழுந்து எது எந்த நாளுடையது என்றே தெரியவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு வேலு அண்ணனிடம் ஓடினேன்.

இப்படி நடந்தால் பதிவேட்டில் அந்த நாளுக்கு ஒரு சின்னக் கோடு போட வேண்டும். அட்டை இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான், தூக்கில் போடமாட்டார்கள். ஆனால் எங்கள் அதிகாரிக்குக் கோடு பிடிக்காது. அவர் ஒரு சீனர், நாங்கள் பின்னால் ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்போம். தான் வந்ததிலிருந்து ஒரு கோடுகூட விழவில்லை என்பது அவருக்குப் பெருமை. நானோ இன்னும் நிரந்தரமாகாதவள்.

“கோடு விழுந்தா ஒன்ன நிரந்தரம் பண்ணமாட்டாரு” என்றார் வேலு அண்ணன். “அழுவாத. இத நேத்து அட்டையாவே வெச்சுடுவோம். இன்னைக்குப் புது அட்ட ஒண்ணு எடு.”

தேநீர் போடும் மூலையில் அவர் ஒரு முருகன் படம் வைத்திருந்தார். அதற்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்து, நுனியை ஊதிச் சிவக்கவைத்து, அட்டையில் மெல்ல இழுத்தார். பழுப்புத் தடம் அச்சு அசலாக விழுந்தது. அன்று பகலில் வெளியே பார்த்ததை வைத்து அங்கங்கே நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்தார். கையைத் தூரத்தில் வைத்து அழகு பார்த்தார்.

“காலைல எப்படி இருந்துச்சுண்ணே?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாது. நான் தூங்கி எழுந்ததே ஒன்பது மணிக்கு.

“நானும் பாக்கலயே. காலைலேர்ந்தே முழுசா எரிச்சா தவுக்கே சந்தேகப்படுவாரு. எட்டரை வரைக்கும் மேகம்னு வெச்சுக்குவோம். என்ன கொறஞ்சு போச்சு?”

ஒரு புதன்கிழமையின் காலை வெயிலை இப்படித்தான் இரண்டு பேர் நின்று இல்லாமல் ஆக்கினோம். அறை முழுக்கச் சந்தன வாசம் வீசியது. சன்னலைத் திறந்துவிட்டோம்.

இரண்டு வரிக் கடிதம்

மூன்று மாதம் கழித்துப் போலீஸிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. இன்ன தேதியில் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை வெயில் இருந்ததா? தேதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது சின்ன விஷயமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதிவேட்டில் இருந்தபடி தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தேன்.

அது சின்ன விஷயம் இல்லை என்பது நவம்பரில் மாணிக்கம் கவுண்டருக்கு வந்து நின்றபோதுதான் புரிந்தது.

“ஏழேகால் இருக்கும், நான் கெழக்க பாத்து ஓட்டிக்கிட்டுப் போறேன் மிஸ். வளைவு திரும்புனதும் நேரா மூஞ்சில வெயிலு. கண்ணே தெரியல. பிரேக் போட்டேன். அதுக்குள்ள சைக்கிள்ல காய்கறிக் கூடை வெச்சுகிட்டு வந்த சீனக் கெழவன் மேல மோதிட்டேன். தோள் எலும்பு ஒடஞ்சு போச்சு. பாவம், இப்ப நல்லாருக்காரு. நான் போய்ப் பாத்தேன்.”

“கோர்ட்ல?”

“வெயிலு கண்ணக் கூசுச்சுன்னு சொன்னேன். இந்தக் கடுதாசியக் காட்டுனாங்க. கவர்மெண்டு ஆபீஸே வெயில் இல்லங்குது, நீ என்ன சொல்றேன்னு ஜட்ஜ் கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? ‘மேபி நோ சன், சார்’ன்னுட்டேன். லைசன்ஸ் ஆறு மாசம் போச்சு.”

அவர் தண்டனையைப் பற்றிப் புகார் சொல்ல வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மோதியது தன் தப்பு, மெதுவாகப் போயிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அவருக்கு வேண்டியது வேறு.

“வீட்ல சொல்றா, வெயிலே இல்லன்னா நீங்க தூங்கித்தான் போயிருப்பீங்கன்னு. முப்பது பொண்ணுங்க பஸ்ல மிஸ். அத்தன பேர வெச்சுகிட்டு நான் தூங்குவேனா? ஆனா கடுதாசியப் பாக்கப் பாக்க எனக்கே டவுட்டா வருது. கண்ணு டாக்டர்கிட்ட காட்டுனேன், ஒண்ணும் இல்லன்னுட்டாரு. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

கவுண்டரில் வேறு யாரும் இல்லை. தவுக்கேயின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது.

“பதிவுல இல்லண்ணே” என்றேன். “எட்டரைக்கு அப்புறந்தான்.”

அவர் கடிதத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

“அப்ப சரி மிஸ். நீங்க பொய்யா சொல்லப் போறீங்க” என்று கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் எழுதும் ஏட்டில் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுப் போனார்.

பாவசங்கீர்த்தனம்

கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை வாசல்வரை நின்றது. சாமியார் அவசரத்தில் இருந்தார். ஊதுபத்தி என்று நான் ஆரம்பித்ததுமே, “எந்தக் கோயிலுக்குப் போனாய்?” என்றார். கோயில் இல்லை சாமி, ஆபீஸில் என்றேன். ஆபீஸில் மற்றவர்களின் பூசைகளில் கலந்துகொள்வது பற்றி எனக்குக் கனிவாக இரண்டு வார்த்தை சொல்லி, மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். நான் திருத்தவில்லை. மூன்றையும் சொல்லிவிட்டு, தீர்ந்தது என்று வெளியே வந்தேன். என்னைப் போல வசதியாகப் பாவம் தீர்த்துக்கொண்டவள் அந்த வருஷம் வேறு யாரும் இருந்திருக்கமாட்டாள்.

வேலை நிரந்தரமாகட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மார்ச்சில் நிரந்தரமாயிற்று. அம்மா எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். அதன் பிறகு சொல்லாமல் இருக்க எனக்குக் காரணமே இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. தப்பைச் செய்தபோது எனக்குப் பயம் இருந்தது, அதை வைத்து என்னை மன்னித்துக்கொள்ளலாம். மார்ச்சுக்குப் பிறகு இருந்தது வெறும் சோம்பல். அதற்கு என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையைத் தாண்டிப் போனேன்.

“மிஸ்! வெயில் மிஸ்!”

மாணிக்கம்தான். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜாகா வேலை, அதாவது காவல். காக்கிச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. ரொம்ப நாள் பழகியவரைப் போலச் சிரித்தார்.

“லைசன்ஸ் வந்துருச்சாண்ணே?”

“அது அப்பவே குடுத்துட்டாங்கலா. கம்பெனிகூடக் கூப்புட்டுச்சு. நாந்தான் போகல. கண்ணத் தொறந்துகிட்டே தூங்குறவன் பஸ் ஓட்டலாமா மிஸ்? இன்னொருத்தன் மேல ஏத்திட்டா?”

அங்கேயே சொல்லியிருக்கலாம். எதிரே என் பஸ் வந்து நின்றது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அவர் எனக்குக் கை காட்டினார்.

கோடு

மறுநாள் காலை முதல் வேலையாகச் சாமான் அறைக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்தேன். மேகம் எவ்வளவு என்று மணிக்கொரு முறை எழுதும் தாள்கள் அவை. அந்தப் புதன்கிழமை காலையில் பணியில் இருந்தவர் ஒரு மலாய்க்காரர். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழு மணிக்கு வானத்தில் எட்டில் ஒரு பங்கு மேகம், கிழக்கே தெளிவு. எட்டு மணிக்கு எட்டில் இரண்டு பங்கு. இத்தனை நாளும் அந்தத் தாள் என் மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு தவுக்கேயின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுபத்தி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அட்டையை வரவழைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கண்டிப்பாகக் கத்துவார் என்று நின்றேன். “நன்றாகச் செய்திருக்கிறாய்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். பதிவேட்டில் அந்த நாளின் எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். அவர் காலத்தின் முதல் கோடு. அந்தக் கடிதம் தவறு, மேகப் பதிவின்படி கிழக்கு வானம் தெளிவாக இருந்தது என்று புதிய கடிதம் ஒன்றை அவரே எழுதி, அவரே தட்டச்சு செய்தார். என்னை நம்பவில்லை. ஒரு வருஷம் நான் எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்றார்.

வெளியே வேலு அண்ணன் நின்றிருந்தார்.

“எம்பேரச் சொன்னியா?”

“இல்லண்ணே.”

அவர் மூச்சு விட்டார். பிறகு கூச்சத்தோடு, “நானே போய்ச் சொல்லணும்” என்றார். கடைசிவரை சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஏழாவது மாடி

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு வாசகர்கள் கடிதம் போடுவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கடிதத்தால் தீர்ப்பு மாறவில்லை. வெயில் கூசினால் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அடுத்த வருஷம் மாணிக்கம் மறுபடி பஸ் ஓட்டினார். பல வருஷம் ஓட்டினார். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது புதிய கடிதம் எழுதிய வாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

பூசை முடிந்து, புதிய கடிதத்தின் நகலோடு நேராகப் புக்கிட் மேராவுக்கு பஸ் ஏறினேன். வருகையாளர் ஏட்டில் இருந்த முகவரிப்படி அவர் வீடு ஏழாவது மாடி. அந்த பிளாக்கில் லிஃப்ட் ஐந்தாவது மாடியில்தான் நிற்கும், மீதியைப் படியேற வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்று எப்படி ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது என்று படிக்குப் படி மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

இரும்புக் கதவுக்கு உள்ளே சாரமும் பனியனுமாக மாணிக்கம் நின்றார். “மிஸ்! நம்ம வீட்டுக்கா?” என்று பூட்டைத் திறக்கப் போனார். நான் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு எப்படிச் சொல்வது?

“அண்ணே, அன்னைக்கு வெயில் இருந்துச்சு” என்றேன். “அட்டைய மாத்த நான் மறந்துட்டேன். அத மறைக்கப் பொய்யா ஒண்ணு செஞ்சு வெச்சோம். கடுதாசிதான் பொய். நீங்க பாத்தது நெசம்.”

மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. புதிய கடிதத்தைக் கம்பி வழியாக நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“அப்ப நான் தூங்கல?”

“தூங்கலண்ணே.”

திட்டுவார், காறித் துப்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கதவைத் திறந்த சத்தம் கேட்டது. அவர் உள்பக்கம் திரும்பி, “சரோஜா! ஏய் சரோஜா! வெயில் இருந்துச்சாம்டி! நான் தூங்கலயாம்!” என்று கத்தினார். பிறகு செருப்புகூடப் போடாமல் என்னைத் தாண்டி ஓடி, பக்கத்து வீட்டுச் சீனர் கதவைத் தட்டினார். “இத்து ஹாரி மாத்தாஹாரி அடா!” அன்றைக்குச் சூரியன் இருந்தது என்று மலாயில் அவரிடம் சொன்னார். அந்தச் சீனருக்கு என்ன புரிந்ததோ, “ஓகேலா, ஓகேலா” என்றார். மாணிக்கம் அதற்கடுத்த கதவுக்குப் போனார்.

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னேன்.

“இது எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மொதல்லேர்ந்தே தெரியும்க்கா.”

“அவரு உங்க ஆபீசுக்கு வந்து கேட்டாரே, அன்னைக்கு?”

“அன்னைக்கும் தெரியும்.”

அவர் நடைபாதையைப் பார்த்தார். மாணிக்கம் நாலாவது கதவில் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து இந்த வாசல்லயே ஒக்காந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு” என்றார் சரோஜா. “நீ சொன்னதுதான் சரி, நான் தூங்கித்தான் போயிட்டேன்னாரு. நானும் போனாப் போகுதுன்னு மன்னிச்சேன்.”

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கேட்காமலே படியிறங்கினேன்.